இடது பக்க ஓட்டங்கள்

திங்கட்கிழமை பயிற்சி முடிந்ததும் கோச் பல்கலைக்கழக ஃபுட்போல் அணியின் மூன்று தலைவர்களையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். லீக்கின் சிறந்த புதுமுகத்துக்கான விருதுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு பெயரை மட்டுமே அனுப்பலாம். வியாழன் நான்கு மணிக்குள் பெயர் போய்விட வேண்டும். நீங்கள் மூவருமே தெரிவு செய்யுங்கள், ஆனால் காரணத்தோடு வாருங்கள் என்றார்.

மற்ற இருவருக்கும் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. தடுப்பாட்டக்காரர்களின் தலைவன் மாக்கஸ், தன் பக்கத்தில் ஆடும் பிறம்ரன் பையன் ஹர்மனின் பெயரைச் சொன்னான். பந்தை எறிகிற குவாட்டர்பாக் டெவன், மிதுனனின் பெயரைச் சொன்னான். பிறகு இருவரும் மூன்றாவது தலைவனான கிளிபோட்டைப் பார்த்தார்கள்.

"உன்னுடைய வாக்கு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்" என்றான் மாக்கஸ்.

"எப்படித் தெரியும்?"

"உங்கள் ஆள்தானே."

மாக்கஸ் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கிளிபோட் சிரிக்கவில்லை. பருவம் தொடங்கிய நாளிலிருந்து, மிதுனன் என்பவன் வெறும் ஊதல், ஊதிப் பெருப்பித்த பெயர் என்று லொக்கர் அறையில் சொல்லிக்கொண்டு திரிந்தவன் அவன்தான்.

மிதுனனுக்குப் பத்தொன்பது வயது. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரணிக்குள் ஓடுகிற ரன்னிங் பாக். செப்டெம்பரில் ஒருமுறை எண்பத்தொரு யாட் ஓடிக் கோட்டைத் தாண்டினான். அந்தக் காட்சி ஒரு கிழமைக்குள் இரண்டு லட்சம் பேரின் போன்களுக்குப் போனது. கனடியன் ஃபுட்போலில் ஒரு தமிழ்ப் பையன் இப்படி ஓடுவதைப் பலர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். இணையத்தில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சி நடத்தும் நவரட்ணம் அவனுக்குத் 'தமிழ்ப் புயல்' என்று பெயர் வைத்தார்.

அதே அணியில் நாலு வருடமாக இன்னொரு தமிழன் ஆடிக்கொண்டிருந்தான். கிளிபோட் இடது பக்கக் கார்ட். முந்நூறு இறாத்தல் உடம்பு. எதிரே நிற்கிறவனை முட்டித் தள்ளி, பின்னால் ஓடி வருகிறவனுக்கு வழி திறந்துவிடுவது அவன் வேலை. பந்தை அவன் தொடுவதே இல்லை. இது அவனுடைய கடைசிப் பருவம். சனிக்கிழமை அரையிறுதி. தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடுகிறவர்கள் அதைப் பார்க்க வருவார்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் அவனுடைய இடது தோள்மூட்டு ஒரு கணம் இடம் விலகித் திரும்பி வந்தது. அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை. காலையில் இரண்டு வலிக் குளிசை, ஆட்டத்துக்கு முன் இரண்டு என்று சமாளித்து வந்தான்.

அன்று மாலை சென் ஜேம்ஸ் ரவுணில் உள்ள வீட்டுக்குப் போனபோது தகப்பன் இக்னேசியஸ் சாப்பாட்டு மேசையில் போனும் கையுமாக இருந்தார். மிசிசாகாவில், விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டி ஏற்றுகிற வேலை அவருக்கு.

"உவன் மிதுனன்ர ஓட்டத்தை இண்டைக்கும் வேலையில காட்டினனான்" என்றார். "பாத்தவங்கள் எல்லாம் வாயைப் பிளந்தவங்கள்."

"அந்த ஓட்டத்தில நானும் நிக்கிறன் அப்பா."

"எங்க?"

கிளிபோட் குனிந்து திரையில் விரல் வைத்தான். அறுபத்துநாலாம் இலக்கம். இக்னேசியஸ் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டுப் பார்த்தார்.

"உது நீயோ? விழுந்தெல்லோ கிடக்கிறாய்."

"விழேல்லை. எனக்குக் கீழ ஒருத்தன் கிடக்கிறான். அவனை நான் விழுத்தினபடியாத்தான் மிதுனனுக்குப் பாதை கிடைச்சது. அந்தப் பாதையால லொறியே போகலாம். அதோட அந்த ரீம் லீக்கில கடைசி. உவன் என்ன பெரிசாச் செய்து போட்டான்?"

சோறு போட்டுக்கொண்டிருந்த தாய் வேரோனிக்கா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். "வெளியில உப்பிடிக் கதைக்காத மகன். பொறாமை எண்டு சொல்லப் போகினம்."

அவன் தட்டை இழுத்து வைத்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நவரட்ணம் அழைத்தார்.

"தம்பி, முடிவு உங்கட கையில எண்டு கேள்விப்பட்டன்."

"ஆர் சொன்னது அங்கிள்?"

"அப்பாதான். இப்பத்தான் கதைச்சனான். பாருங்கோ, நான் உங்களுக்குப் புத்தி சொல்ல வரேல்லை. ஆனா ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு எதிரா இன்னொரு தமிழ்ப் பிள்ளை கை தூக்கினதெண்டு கதை வந்தால் நல்லாவோ இருக்கும்?"

கிளிபோட் தகப்பனைப் பார்த்தான். வீட்டுக்கு வரும் வழியில் போனில் இரண்டு சொல்லில் சொன்ன விசயம், அவன் உடுப்பு மாற்றி வருவதற்குள் ஸ்காபறோவில் இருக்கிற நவரட்ணம் வரைக்கும் போயிருந்தது. இக்னேசியஸ் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு மிதுனன் இருபது நிமிடம் பிந்தி வந்தான். நவரட்ணத்தின் ஆட்கள் வாசலில் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார்களாம். கோச் அவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டுப் பிறகுதான் சேர்த்தார்.

அன்று தடுப்புப் பயிற்சி. டெவன் பந்தை எறியப் பின்வாங்கும்போது, அவனைச் சாய்க்கப் பாய்ந்து வருகிறவனை ரன்னிங் பாக் மறிக்க வேண்டும். மிதுனன் குனிந்து தோளைக் கொடுத்தான். வந்தவன் அவனைச் சுற்றிக்கொண்டு போய் டெவனுக்கு முன்னால் நின்று கையை உயர்த்தினான். மறுபடியும் செய்தார்கள். மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறை கிளிபோட் ஹெல்மெற்றைக் கழற்றிக்கொண்டு நேரே மிதுனனிடம் போனான்.

"உனக்கு ஓட மட்டும்தான் தெரியும், என்ன?"

"திருப்பிச் செய்யிறன் அண்ணை."

"சனிக்கிழமை திருப்பிச் செய்ய விடமாட்டாங்கள். டெவனைக் கொண்டு போய் ஆஸ்பத்திரியில போட்டாப் பிறகும் பேட்டி குடுப்பியோ?"

மிதுனனின் முகம் சிவந்தது. சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் குரல் விளங்கியது.

"நீங்கள் என்னைப் பற்றி எல்லாரிட்டையும் சொல்லிக்கொண்டு திரியிறது எனக்குத் தெரியும்" என்றான் மிதுனன் மெதுவாக. "நான் உங்களைப் பற்றி ஆரிட்டையும் ஒண்டும் சொல்லேல்லை."

"என்ர என்னத்தைச் சொல்லுவாய்?"

மிதுனன் அவனுடைய இடது தோளைப் பார்த்தான். பார்வையை உடனே எடுத்துவிட்டான். "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினான்.

கிளிபோட் ஹெல்மெற்றைத் திரும்பப் போட்டுக்கொண்டான். தோள் விசயம் மிதுனனுக்கு எப்படித் தெரியும்?

புதன் மத்தியானம் அவன் வீடியோ அறைக்குப் போனான். அணியின் ஆட்டங்களைப் பதிவு செய்து பிரித்து வைக்கிற பொறுப்பு ஸ்டெபனி என்கிற மூன்றாம் வருட மாணவியுடையது. கிளிபோட்டின் ஆட்களைப் போல அவளுடைய ஆட்களும் மன்னார்ப் பக்கம்தான். ஃபுட்போலைப் பற்றி அவளோடு வாதிட்டு வென்றவர்கள் அந்த அணியில் குறைவு.

"மிதுனன்ர ஓட்டம் எல்லாத்தையும் போடு" என்றான் கிளிபோட். "நாளைக்குக் காரணத்தோட போகவேணும்."

"முடிவை எடுத்துப்போட்டுக் காரணம் தேடுறாய் போல."

"போடன் பாப்பம்."

நூற்றிருபத்தொரு ஓட்டங்கள். எழுநூற்று அறுபத்தெட்டு யாட். ஒன்றொன்றாக ஓடவிட்டாள். அவன் கொப்பியில் குறித்துக்கொண்டு போனான். தொடக்கத்தில் எல்லாம் அவன் எதிர்பார்த்தபடியே வந்தது. முந்நூற்றுத் தொண்ணூறு யாட்டுக்கு மேல், கடைசி இடத்தில் இருந்த இரண்டு அணிகளுக்கு எதிராக எடுத்தது. டெவனைக் காக்க நின்ற பதினாலு தடவையில் ஆறு தடவை ஆளைத் தவற விட்டிருந்தான்.

"பாத்தியோ? பாதி யாட் சும்மா கிடைச்சது."

"மற்றப் பாதி?" என்று ஸ்டெபனி கேட்டாள்.

"மற்றப் பாதியில உவன் சொன்ன பாதையால ஓடுறேல்லை. வழி உள்ளுக்க எண்டால் உவன் வெளியால சுத்துறான். கோச்சே எத்தினை தரம் ஏசினவர்? பொறுமை இல்லை, பொறுமை இல்லை எண்டு. அதுவும் இடது பக்கம் எண்டால் எப்பவும்..."

சொல்லிக்கொண்டு வந்தவன் நிறுத்தினான். ஸ்டெபனி எதுவும் பேசாமல் நாலாவது ஆட்டத்திலிருந்து இடது பக்கமாக ஓடிய ஓட்டங்களை மட்டும் பிரித்துப் போட்டாள். இருபத்தொன்பது.

"இந்த முறை அவனைப் பாக்காத" என்றாள். "அறுபத்துநாலைப் பார்."

நாலு வருடத்தில் கிளிபோட் தன்னை இப்படி வரிசையாகப் பார்த்ததில்லை. கோச்மார் காட்டும்போது எல்லாருமே பந்தைத்தான் பார்ப்பார்கள். இப்போது பார்த்தான். முதல் ஓட்டத்தில் எதிராளி அவனுடைய இடது கையைத் தட்டிவிட்டு உள்ளே போனான். இரண்டாவதிலும் அப்படியே. நாலாவதில் கிளிபோட் கையை உயர்த்தவே இல்லை, உடம்பால் மட்டும் சாய்ந்திருந்தான். இருபத்தொன்பதில் பதினெட்டுத் தடவை அவனுடைய ஆள் அவனைத் தாண்டிப் போயிருந்தான். திறந்திருக்க வேண்டிய பாதையில் ஒவ்வொரு தடவையும் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். மிதுனன் அதற்குள் போகாமல் வெளியால் சுற்றி, எட்டிப் பிடிக்க வந்த கைகளை உதறி, மூன்று யாட், நாலு யாட் என்று பிடுங்கி எடுத்திருந்தான்.

"திருப்பிப் போடு" என்றான். "மெதுவா."

மெதுவாக ஓடியபோது இன்னொன்றும் தெரிந்தது. கிளிபோட் தோற்பதற்கு முன்பே மிதுனனின் கால் வெளிப்பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது.

"உவன் உன்னை நம்பி ஓடேல்லை" என்றாள் ஸ்டெபனி. "ரெண்டு மூண்டு ஆட்டத்திலயே உனக்குக் கை ஏலாது எண்டு கண்டிட்டான். நீ தோப்பாய் எண்டு வைச்சுத்தான் ஓடுறான்."

"கோச் ஏசேக்க ஏன் சொல்லேல்லை?"

"அதை அவனைக் கேள்."

கிளிபோட் கொப்பியை மூடினான்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"ஒரு மாசம். நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தன்."

"சனிக்கிழமை முடியட்டும் ஸ்டெபனி. ப்ளீஸ். அண்டைக்கு என்னைப் பாக்கத்தான் ஆக்கள் வருகினம். எனக்கு இன்னொரு வருசம் இல்லை."

அவள் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். "நானாப் போய்ச் சொல்லமாட்டன். கோச் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டன்."

வியாழன் மூன்றரைக்கு மூவரும் கோச்சின் அறையில் இருந்தார்கள். மாக்கஸ் முதலில் பேசினான். ஹர்மன் எட்டு ஆட்டங்களிலும் ஒரு தடவைகூட இடம் தவறி நின்றதில்லை, அவனைப் பற்றி எந்தத் தொலைக்காட்சியும் பேசுவதில்லை, அதனாலேயே அவன் பெயர் போக வேண்டும் என்றான். நன்றாகத்தான் பேசினான். டெவன் யாட் கணக்கைச் சொன்னான். அதற்கு மாக்கஸ், அந்த யாட்டில் பாதி யாருக்கு எதிராக வந்தது என்று கேட்டான்.

கோச் கிளிபோட் பக்கம் திரும்பினார்.

கிளிபோட் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டான். ஹர்மன் என்று சொன்னால் எல்லாம் அதோடு முடிந்துவிடும். காரணங்கள் கொப்பியில் தயாராக இருந்தன. ஒன்றும் பொய்யில்லை. சனிக்கிழமை அவன் ஆடலாம்.

"மிதுனன்" என்றான்.

மாக்கஸ் நாற்காலியில் நிமிர்ந்தான். "இவன் ஊதல் என்று பருவம் முழுக்கச் சொன்னது யார்? உள்ளே ஓடப் பயப்படுகிறான் என்று நீதானே சொன்னாய்? இப்போது என்ன? உங்கள் ஆட்கள் போன் எடுத்தார்களா?"

"எடுத்தார்கள். அதற்காக இல்லை."

"அப்படியானால் எதற்காக? காரணத்தைச் சொல்."

கோச் பேனாவை மேசையில் வைத்தார்.

"அவன் உள்ளே ஓடாததற்குக் காரணம் நான்" என்றான் கிளிபோட். "நாலாவது ஆட்டத்திலிருந்து என் இடது கை வேலை செய்யவில்லை. இருபத்தொன்பதில் பதினெட்டுத் தடவை என் ஆளை விட்டிருக்கிறேன். அவன் அதைத் தெரிந்துகொண்டு சுற்றி ஓடியிருக்கிறான். நீங்கள் அவனை ஏசியபோது வாய் திறக்கவில்லை. தடுப்பில் அவன் மோசம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஓட்டத்தில் அவனுடைய பெயர் பொய்யில்லை."

கோச் ஸ்டெபனியைக் கூப்பிட்டு அந்த இருபத்தொன்பதையும் திரையில் போடச் சொன்னார். எட்டாவது ஓட்டத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"தோளை ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார்.

நாலு மணிக்கு மிதுனனின் பெயர் போனது. நாலேகாலுக்குக் கிளிபோட் வைத்தியரின் அறையில் இருந்தான். மூட்டின் உள்ளே கிழிந்திருக்கிறது, சத்திரசிகிச்சை வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை ஆடும் பேச்சுக்கே இடமில்லை.

வெள்ளி காலை மிதுனன் லொக்கர் அறையில் அவனைத் தேடி வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று கிளிபோட் நினைத்தான்.

"உங்களை ஆர் சொல்லச் சொன்னது?" என்றான் மிதுனன். "நாளைக்கு உங்கட இடத்தில நிக்கப்போறவன் இந்த வருசம் மூண்டு தரம்தான் ஆடியிருக்கிறான். நீங்கள் எப்பிடித் தோப்பியள் எண்டு எனக்குத் தெரியும். அவன் எப்பிடி எண்டு தெரியாது!"

"அப்ப நான் பொய் சொல்லியிருக்கோணுமோ?"

"எனக்கு அந்த அவார்ட் வேண்டாம். நாளைக்கு வெல்லோணும்."

"கோச் ஏசேக்க ஏன் பேசாம நிண்டனி?"

மிதுனன் லொக்கர்களுக்கு முன்னிருந்த நீள வாங்கில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் சப்பாத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். "நீங்கள் சீனியர். நான் சொன்னால் ஆர் நம்புவினம்? வந்து ரெண்டு மாசத்தில ஆளை மாட்டிவிடுறான் எண்டுதானே சொல்லுவினம்." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அதோட... எல்லாம் உங்களால இல்லை அண்ணை. மூண்டு நாலு தரம் பாதை திறந்துதான் கிடந்தது. நான் பாக்கவே இல்லை. பயத்தில சுத்திட்டன். அதையும் உங்கட கணக்கில போட்டிட்டு இருந்தன்."

கிளிபோட் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

சனிக்கிழமை குளிர் காற்று அடித்தது. கிளிபோட் இடது கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு மைதானத்தின் ஓரக்கோட்டில் நின்றான். ஆள் தேடுகிறவர்கள் மேலே கண்ணாடி அறைக்குள் இருந்தார்கள். அவனைப் பார்ப்பதற்கு அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இடது பக்கம் முதல் பாதியிலேயே அடைபட்டுப் போனது. மிதுனன் ஓடினான், விழுந்தான், எழும்பினான். பதினாறு ஓட்டத்தில் நாற்பத்திரண்டு யாட். கடைசிக் காற்பகுதியில் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தபோது, டெவன் எறியப் பின்வாங்க, ஒருவன் நடுவால் பாய்ந்து வந்தான். மிதுனன் நேரே போய் அவனில் மோதினான். ஒரு கணம் பிடித்து நின்றான். அதற்குள் இரண்டாவது ஒருவன் மறுபக்கத்தால் வந்து டெவனைச் சாய்த்துவிட்டான். பந்து உருண்டது. எதிரணி எடுத்தது. ஆட்டம் அங்கேயே முடிந்தது.

வெளிவாசலில் நவரட்ணம் மைக்கோடு நின்றார். மிதுனன் அவருக்குத் தலையை ஆட்டிவிட்டு, பேட்டி கொடுக்காமல் இரண்டு அடி தள்ளிப் போய் நின்றான். அவர் கிளிபோட்டை மறித்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. மிதுனனைப் பற்றின கதை கொஞ்சம் கூடிப்போச்சோ?"

"ஓம், கூடிப்போச்சு. நீங்கள்தான் கூட்டினீங்கள். ஆனா உவன் நல்ல ஓட்டக்காரன். நான் பிடிக்காம விட்ட ஆக்களையும் தாண்டி ஓடினவன். மறிக்க இன்னும் வடிவாத் தெரியாது. முதல் வருசக்காரன். ரெண்டும் உண்மை அங்கிள், போடுறதெண்டால் ரெண்டையும் போடுங்கோ."

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அந்தப் பேட்டி வந்திருந்தது. ஆறு விநாடி. 'ஓம், கூடிப்போச்சு' என்பதோடு வெட்டியிருந்தார்கள். தமிழ்ப் புயலைச் சாடும் சக வீரர் என்று மேலே எழுதியிருந்தது. கீழே நூற்றுக்கணக்கானவர்கள் கிளிபோட்டைத் திட்டியிருந்தார்கள். இக்னேசியஸ் போனை நாற்காலியில் எறிந்துவிட்டு, பிறகு அதை எடுத்து நவரட்ணத்தை அழைத்தார். அவர் எடுக்கவில்லை. மூன்றாம் முறையும் எடுக்கவில்லை.

"என்ர பிள்ளை கையும் இல்லாம நிக்கிறான்" என்று இக்னேசியஸ் யாருமில்லாத போனுக்குச் சொன்னார். "உவருக்கு வெட்டுறதும் கொத்துறதும்தான் வேலை."

பின்னேரம் அந்தத் திட்டுகளுக்கு நடுவே மிதுனன் தன் சொந்தப் பெயரில் ஒரு வரி எழுதினான்: "அண்ணை சொன்னது சரி. நான் பக்கத்தில நிண்டு கேட்டனான். மிச்சத்தையும் போடுங்கோ அங்கிள்."

ஒரு மணி நேரத்தில் முழுப் பேட்டியும் வந்தது. அதை முந்நூறு பேர்கூடப் பார்க்கவில்லை. பார்த்தவர்களில் ஒருவன் மாக்கஸ். ஸ்டெபனியிடம் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டு அறிந்துகொண்டு கிளிபோட்டுக்குச் செய்தி அனுப்பினான். நீ சொன்னது நியாயம், ஆனாலும் ஹர்மனின் பெயர்தான் போயிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தான்.

கிளிபோட் அந்தக் கிழமையில் முதன்முறையாகச் சிரித்தான். வலது கைப் பெருவிரலால் மெதுவாக எழுதினான்: நாளைக்கு வா, இருந்து வாதாடுவோம்.